எத்தனை டிக்கெட் வித்துச்சுங்க?

கோயம்புத்தூரில் விலை கேட்காமல் பொருள் வாங்குகிறவர் ஒன்று வெளியூர்க்காரராக இருக்க வேண்டும், இல்லையென்றால் சம்பந்தி வீட்டார் பக்கத்தில் நிற்க வேண்டும். ஐந்து ரூபாய் போல்ட்டுக்கு மூன்று கடை ஏறி இறங்குகிற ஊர் இது. மோட்டாரை ரீவைண்டிங் கொடுத்தால், பழைய காப்பர் கம்பியை எடை போட்டுத் திருப்பி வாங்கிக்கொண்ட பிறகுதான் அடுத்த பேச்சு. 'உங்க லாபத்துல நான் கை வைக்கலைங்க, எத்தனை லாபம்னு மட்டும் சொல்லிப்போடுங்க' என்று கடைக்காரரிடமே கேட்கும் பக்குவம் வேறு எந்த ஊருக்கும் வாய்க்கவில்லை. அப்பேர்ப்பட்ட ஊரில் தம்போலா டிக்கெட் வாங்கும்போது மட்டும் எல்லோர் வாயும் அடைத்துக்கொள்கிறது. இருபது ரூபாயை நீட்டுகிறார்கள், சீட்டை வாங்குகிறார்கள், பேனா தேடுகிறார்கள். அவ்வளவுதான்.

நான் அப்படி இல்லை. பம்ப்செட் கம்பெனியில் கணக்கெழுதியே தலை நரைத்தவன். டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "எத்தனை டிக்கெட் வித்துச்சுங்க?" இந்தக் கேள்விக்குப் பயந்து, வடவள்ளிப் பக்கம் எங்கள் அபார்ட்மெண்டில் பொங்கல் விழாக் கமிட்டி என்னைக் கண்டால் லிஃப்ட்டை விட்டுவிட்டுப் படியில் இறங்குகிறது. ஆனால் ஒரு ஆட்டம் ஆடத் தகுந்ததா என்று பார்க்க இதைவிட உருப்படியான கேள்வி கிடையாது. எங்கள் கார் பார்க்கிங்கில் சாமியானா போட்டு நடக்கும் ஆட்டத்துக்கும் அது பொருந்தும், அமெரிக்காவில் ஏசி போட்ட கேசினோவில் நடக்கும் பிங்கோவுக்கும் பொருந்தும். இரண்டிலும் கேட்டுப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஆட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெள்ளைக்காரப் பட்டாளத்துச் சிப்பாய்கள் 'ஹவுசி' என்று ஆடியது. பட்டாளம் கப்பலேறிய பிறகும் ஆட்டம் இங்கேயே தங்கிவிட்டது. ஆபீசர் மெஸ்ஸிலிருந்து கிளப்புக்கும், கிளப்பிலிருந்து மாதர் சங்கத்துக்கும், அங்கிருந்து அபார்ட்மெண்டுக்கும் வந்து சேர்ந்தது. சீட்டில் மூன்று வரிசை, ஒன்பது பத்தி, ஆக 27 கட்டம். அதில் 15 கட்டத்தில் எண் இருக்கும், மீதி காலி. 1 முதல் 90 வரை ஒவ்வொரு எண்ணாக எடுத்துக் கூப்பிடுவார்கள். முதலில் ஐந்து எண் அடித்தவருக்கு ஏர்லி ஃபைவ், நான்கு மூலைக்கு ஒரு பரிசு, மேல் வரி, நடு வரி, கீழ் வரிக்கு ஒவ்வொன்று, பதினைந்தையும் அடித்தால் ஃபுல் ஹவுஸ். ஆறு சீட்டு கொண்ட முழு ஷீட் வாங்கினால் தொண்ணூறு எண்ணும் தலைக்கு ஒரு தடவை அதில் இருக்கும். எந்த எண்ணைக் கூப்பிட்டாலும் அடித்துக்கொண்டே இருக்கலாம். போட்ட ரூபாய்க்கு வரும்படி ஒரு பைசா கூடாது, கை மட்டும் ஓயாது. எங்கள் வீட்டம்மா முழு ஷீட்டுக்குக் குறைந்து வாங்கியதே இல்லை.

எங்களுக்கு எண் கூப்பிடுகிறவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். இங்கிலாந்தில் 22 வந்தால் இரண்டு வாத்து, 88 வந்தால் இரண்டு குண்டம்மா என்று பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம். இவருக்கு வாத்தும் தெரியாது, குண்டம்மா என்று மைக்கில் சொல்லிவிட்டு வீடு போய்ச் சேரவும் முடியாது. அதனால் அவர் வண்டி நம்பரில் கூப்பிடுகிறார். "முப்பத்தேழு, நம்ம கோவை தெற்குங்கோ! நாப்பத்தொண்ணு, பொள்ளாச்சி, எளநி குடிச்சுட்டு வாங்க! நாப்பத்தி மூணு, ஊட்டி, ஸ்வெட்டர் எடுத்துக்குங்க! முப்பத்தி மூணு, ஈரோடு, மஞ்ச மூட்டை! இருபத்தெட்டு, நாமக்கல்லு, முட்டை பத்திரம்!" கொங்கு எண்கள் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு மரியாதை உண்டு. 58 வந்தால் மட்டும் "மதுரை, வெளியூருங்க" என்று குரல் இறங்கிவிடும். இரண்டாவது மாடியில் இருக்கும் மதுரைக்கார வங்கி மேனேஜர் இதற்காக ஒரு தடவை எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்திருக்கிறார்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு பொங்கலுக்கு 200 டிக்கெட் விற்றது. தலைக்கு 20 ரூபாய் வீதம் 4,000. பரிசு: ஏர்லி ஃபைவ் 300, நான்கு மூலை 300, மூன்று வரிக்கும் ஐநூறு ஐநூறாக 1,500, முதல் ஹவுஸ் 1,200, இரண்டாம் ஹவுஸ் 700. கூட்டிப் பாருங்கள், அதே 4,000. வந்த பணம் வந்தபடியே திரும்பிப் போகிறது. அசோசியேஷன் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. உலகத்தில் எந்த கேசினோவும் கனவிலும் நடத்தாத ஆட்டம் இது. வேடிக்கை என்னவென்றால், பரிசு முடிந்து கலையும்போது எல்லோருக்கும் செயலாளர் மேல்தான் சந்தேகம். கேசினோவில் போட்டதை விட்டுவிட்டு வருகிறவர்கள் 'சும்மா சொல்லக் கூடாது, பஃபே பிரமாதம்' என்கிறார்கள்.

இரண்டாவது புகார், "ஒரே நம்பர்ல போச்சுங்க." இதை எங்கள் வீட்டில் நான் கேட்காத பண்டிகை கிடையாது. அதற்கும் கணக்கு இருக்கிறது. ஒற்றைச் சீட்டின் பதினைந்து எண்ணும் வந்து முடிய, சராசரியாக 85 எண் கூப்பிட வேண்டும். ஆனால் 200 சீட்டு ஆட்டத்தில் இருந்தால், அதில் ஏதோ ஒன்று 64-வது எண் சுமாருக்கே முடிந்துவிடும். அந்த நேரத்தில் இன்னும் ஒரே ஒரு எண்ணுக்காக ஐந்தாறு சீட்டுகள் காத்திருக்கும், இரண்டு எண்ணுக்காகப் பதினெட்டு இருபது சீட்டுகள். ஆக ஒரே நம்பரில் போவது நம் வீட்டுக்கு மட்டும் நேர்ந்த அநியாயம் அல்ல, ஒவ்வொரு ஆட்டத்திலும் ஐந்து வீட்டுக்கு நேர்ந்துகொண்டிருப்பது. இதை ஒரு தாளில் போட்டு வீட்டம்மாவிடம் காட்டினேன். "ஏனுங்க, அந்த மத்த நாலு வீடு எதுன்னும் கணக்குல வருதுங்களா?" என்றாள். வராது. அன்று முதல் அவளாகவே விசாரித்துக் கண்டுபிடிக்கிறாள். சாயங்காலம் நான்கு வீட்டுக்கு அதுதான் பேச்சு.

ரொக்கமாகக் கொடுக்கும் வரை கணக்கு சுலபம். பொருளாகக் கொடுக்கத் தொடங்கினால்தான் குசும்பு. பரிசுப் பட்டியலில் 'ஹாட்பேக் செட், ரூ.1,499' என்று போட்டிருப்பார்கள். அது அட்டைப்பெட்டியில் அச்சடித்த விலை. அதே ஹாட்பேக் ஒப்பணக்கார வீதியில் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்து அதைத்தான் எழுத வேண்டும். பிறகு அந்த ஹாட்பேக் ஏற்கனவே வீட்டில் எத்தனை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் பரணில் கல்யாணத்துக்கு வந்தது, வளைகாப்புக்கு வந்தது, புதுமனைக்கு வந்தது எல்லாம் பெட்டி பிரிக்காமல் இருக்கின்றன. நான்காவது ஹாட்பேக்கின் மதிப்பு பூஜ்யம்கூட இல்லை. அதை வைக்க இடம் தேட வேண்டும், ஆகவே செலவுப் பக்கம் எழுத வேண்டும்.

நம் ஊர்க்காரர்கள் சூதுக்குப் புதியவர்களா என்றால், இல்லை. இந்த ஊருக்கே லாட்டரியோடு பழைய உறவு உண்டு. 1968-ல் அண்ணா ஆட்சியில் தமிழ்நாடு அரசு பரிசுச்சீட்டைத் தொடங்கியபோது, விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்றுதான் விளம்பரம். என் பார்வையில் அதைவிட நேர்மையான சூதாட்ட விளம்பரம் இதுவரை வரவில்லை. போகிற காசு எங்கே போகிறது என்பதை விற்கும்போதே சொல்லிவிட்டது. 2003-ல் லாட்டரியை மொத்தமாகத் தடை செய்தார்கள். அதன் பிறகு நாட்டுக்கும் இல்லை, வீட்டுக்கும் இல்லை, வாளையாறுக்கு.

வாளையாறு தாண்டினால் கேரளா, அங்கே 1967-லிருந்து அரசு லாட்டரி. 2023 ஓணம் பம்பருக்கு டிக்கெட் 500 ரூபாய், முதல் பரிசு 25 கோடி. அது வாளையாறில் விற்ற டிக்கெட்டுக்கு விழுந்தது. வாங்கியவர்கள் திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நான்கு பேர், உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போய்த் திரும்பும் வழியில் வாங்கியது. செய்தி வந்த நாளிலிருந்து, பாலக்காட்டுப் பக்கம் உடம்பு சரியில்லாத உறவினர் யார் யார் என்று எங்கள் அபார்ட்மெண்டில் அக்கறை கூடிவிட்டது. அந்த வருஷம் சுமார் 75 லட்சம் டிக்கெட் விற்றது. 25 கோடியை 75 லட்சத்தால் வகுத்தால், ஒரு டிக்கெட்டில் முதல் பரிசின் பங்கு 33 ரூபாய். சின்னப் பரிசுகள் தனி. ஏஜெண்ட் கமிஷன், வருமான வரி, சர்சார்ஜ் எல்லாம் போனால் 25 கோடியில் கையில் நிற்பது பாதிக்குக் கொஞ்சம் மேலே. அப்படியானால் 33 ரூபாய் 17 ஆகிவிடுகிறது. இதைச் சொன்னால் மச்சினர் கேட்கிறார்: "மாமா, அந்த நாலு பேரு உங்ககிட்ட கணக்குக் கேட்டுட்டா வாங்குனாங்க?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் லாட்டரிக் காசு எங்கே போகிறது என்ற இன்னொரு கேள்விக்கு எப்போது பதில் கிடைத்தது என்று சொல்ல முடியும். லாட்டரி சீட்டே விற்கக் கூடாத மாநிலத்தில், கோவை முகவரி போட்ட ஃபியூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனம் கட்சிகளுக்கு நன்கொடையாகப் போகும் தேர்தல் பத்திரத்தை 1,368 கோடி ரூபாய்க்கு வாங்கியிருந்தது. நாட்டிலேயே அதிகம் வாங்கிய நிறுவனம் அதுதான். இது ஊருக்குத் தெரிந்தது 2024 மார்ச்சில், உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகு. எங்கள் செயலாளர் பரவாயில்லை. 'பரிசு போக மிச்சம் எங்கேங்க' என்று கேட்டால் இரண்டு நாளில் ரசீது காட்டிவிடுவார்.

மச்சினர் சொன்னேன் அல்லவா, அவர் கோவாவில் மாண்டோவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பலுக்குப் போய் வந்தவர். அங்கே ரூலட் சக்கரத்தில் பூஜ்யத்தோடு சேர்த்து 37 குழி. ஜெயித்தால் 36 குழி இருப்பதாக நினைத்துக்கொண்டு பணம் கொடுப்பார்கள். அந்த ஒரு குழிதான் கப்பல்காரருடைய பங்கு, நூற்றுக்கு 2 ரூபாய் 70 பைசா. கேட்க எத்தனை சாதுவாக இருக்கிறது! ஆனால் தடவைக்கு 500 வைத்து மணிக்கு நாற்பது தடவை சுற்றினால், அந்த ஒரு மணி நேரத்தில் மேஜை மேல் 20,000 வைத்து எடுத்திருப்பீர்கள், சராசரியாக 540 ரூபாய் இறங்கியிருக்கும். பங்கு எத்தனை சதவீதம் என்று கேட்டால் பாதிக் கேள்விதான். மணிக்கு எத்தனை தடவை பிடிக்கிறார்கள் என்பது மீதி. நம் டிரைவிங் ஸ்கூல்காரர் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் நாமக்கல் முட்டை விலை சொல்லிக்கொண்டிருப்பதை இனிமேல் குறை சொல்லாதீர்கள். ஆட்டக்காரனுக்கு அவர் செய்யும் உபகாரம் அது.

இனி அமெரிக்கா. மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பேரனைத் தூங்க வைத்த ஒரு சனிக்கிழமை ராத்திரி, "அம்மாவுக்குத் தம்போலா புடிக்குமே, வாங்கப்பா" என்று பக்கத்திலிருந்த ஒரு கேசினோவின் பிங்கோ ஹாலுக்குக் கூட்டிப் போனாள். நம்முடைய கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம் அளவுக்கு நீள நீளமாக மேஜைகள். உட்கார்ந்திருப்பதில் முக்கால்வாசி பேர் பாட்டிமார். ஒவ்வொரு பாட்டி முன்னாலும் குண்டு குண்டாக ஐந்தாறு மைப்பேனா. எண்ணைக் கூப்பிட்டதும் எழுதுவது கிடையாது, சீட்டின் மேல் ஒத்தினால் ரூபாய்க் காசு அளவுக்கு ஊதாவும் சிவப்புமாக மை பதிகிறது. பேனாக்களுக்குப் பக்கத்தில் யானை பொம்மை, பேரப்பிள்ளை போட்டோ, முடி சிலிர்த்த குட்டிப் பொம்மை என்று அதிர்ஷ்டச் சாமான்கள் வரிசை. வீட்டம்மா அதைப் பார்த்துவிட்டுக் கைப்பையிலிருந்து மருதமலை விபூதிப் பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். பக்கத்துப் பாட்டி எட்டிப் பார்த்து, மரியாதையாகத் தன் யானையைக் கொஞ்சம் தள்ளி இடம் கொடுத்தார்.

அங்கே 75 எண்தான். சீட்டு ஐந்துக்கு ஐந்து, நடுக்கட்டம் இலவசம், மீதி 24 எண். நாங்கள் வாங்கியது 30 டாலர் காகிதக் கட்டு. அன்றைய ஆட்டங்களில் ஒவ்வொன்றுக்கும் ஆறு சீட்டு. 60 டாலர் கொடுத்தால் கையடக்க மெஷின் தருகிறார்கள், அதில் ஆட்டத்துக்கு 36 சீட்டு. எண்ணை அதுவே அடித்துக்கொள்ளும், ஜெயித்தால் அதுவே கத்தும். மெஷின் எடுத்தவர் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கவுண்டர்ப் பெண்ணிடம் கேட்டேன், எத்தனை விற்றது என்று. அவள் அழகாகச் சிரித்து, இன்றைக்கு நல்ல கூட்டம் என்றாள். மகள் காதில் கிசுகிசுத்தாள்: "அப்பா, இங்கெல்லாம் அப்படிக் கேக்க மாட்டாங்கப்பா." வீட்டம்மா: "ஏனுங்க, அந்தப் புள்ள மொகத்தப் பாத்தாக் கணக்குக் கேக்கத் தோணுதுங்களா உங்களுக்கு?" கேட்டால் சொல்லவில்லையென்றால் எண்ணிக்கொள்ள வேண்டியதுதானே. மேஜை வரிசையை எண்ணி, வரிசைக்கு நாற்காலியை எண்ணிப் பெருக்கினேன். சுமார் 300 தலை, அதில் பாதிப் பேர் கையில் மெஷின். வசூல் 13,500 டாலர். பரிசு எல்லாம் தாளிலேயே அச்சடித்திருந்தது, கூட்டினால் 9,000. மூன்றில் இரண்டு பங்கு திரும்புகிறது, ஒரு பங்கு கம்பெனிக்கு. இத்தோடு நிறுத்தியிருந்தால் நிம்மதியாக ஆடியிருப்பேன்.

ஆனால் சீட்டை எண்ணினேன். மெஷின்காரர் 150 பேர், ஆளுக்கு 36, ஆக 5,400 சீட்டு. காகிதக்காரர் 150 பேர், ஆளுக்கு ஆறு, ஆக 900. ஒவ்வொரு ஆட்டத்திலும் மொத்தம் 6,300 சீட்டு, அதில் என்னுடையது ஆறு. பரிசு 9,000 டாலரில் என் நியாயமான பங்கு எட்டரை டாலர். போட்டது முப்பது! மெஷின்காரருக்கோ அறுபது போட்டால் ஐம்பத்தொன்று வருகிறது. ஒரே கூரை, ஒரே ஆட்டம், அதே எண். ஆனால் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறவரின் நஷ்டம் 9 டாலர், கை வலிக்க ஒத்துகிறவரின் நஷ்டம் 21 டாலர். டிக்கெட் விலை மலிவா என்று பார்க்கக் கூடாது, சீட்டு ஒன்றுக்கு விலை என்ன, எதிரே இருப்பவர் என்ன விலைக்கு வாங்கினார் என்று பார்க்க வேண்டும். பாட்டிமார் இதை என்றைக்கோ கண்டுபிடித்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பாட்டியின் யானைக்குப் பின்னால் ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசி ஆட்டத்துக்குத்தான் உண்மையான கூட்டம். சீட்டு முழுவதையும் அடிக்க வேண்டும், ஐம்பது எண்ணுக்குள் முடித்தால் 10,000 டாலர் ஜாக்பாட். வாசலில் ஆளுயரத்துக்கு எழுதியிருந்தது. அதே போர்டின் கீழே பொடி எழுத்தில், ஐம்பத்தைந்துக்குள் முடித்தால் 1,000. எல்லோர் கண்ணும் பத்தாயிரத்தின் மேல். நான் பொடி எழுத்தைப் படித்தேன், கணக்கெழுதியவனுக்கு அதுதான் பழக்கம். ஒரு சீட்டு ஐம்பது எண்ணுக்குள் முடிய 2,12,085-ல் ஒரு வாய்ப்பு. ஐம்பத்தைந்து எண் என்றால் 10,359-ல் ஒன்று. வெறும் ஐந்து எண் கூடியதற்கு வாய்ப்பு இருபது மடங்கு கூடிவிடுகிறது. ஆக அந்தப் பத்தாயிரம் ஒரு சீட்டுக்கு நாலே முக்கால் சென்ட் பெறும், இந்த ஆயிரம் ஒன்பது சென்டுக்கு மேல் பெறும். சின்னதாக எழுதிய பரிசுதான் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பெரிய பரிசு. ஜாக்பாட் எத்தனை என்று கேட்பதைவிட, எத்தனை எண்ணுக்குள் என்று கேட்பதில்தான் விஷயம்.

இத்தனை கணக்கும் போட்டு முடித்த பிறகு, இந்த ஆட்டம் ஆடத் தகாதது என்று நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. காரணம், சுவரில் மாட்டியிருந்த ஒரு போட்டோ வரிசை: பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, முதியோர் வீடு. அந்தக் கேசினோ அந்த நாட்டுப் பழங்குடியினருடையது. அமெரிக்காவில் பழங்குடி கேசினோ என்ற தொழிலே பிங்கோவில் முளைத்ததுதான். 1979-ல் ஃபுளோரிடாவில் செமினோல் பழங்குடியினர் பெரிய பரிசு வைத்து ஒரு பிங்கோ ஹால் திறந்தார்கள். ஷெரிஃப் மூடப் பார்த்தார், கோர்ட் விடவில்லை. கலிஃபோர்னியாவில் கபசோன் பழங்குடியினரின் பிங்கோ வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1987-ல் அவர்கள் பக்கம் தீர்ப்பானது. 1988-ல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. ஆட்டத்தில் வரும் லாபத்தைப் பழங்குடி நிர்வாகத்துக்கும் மக்கள் நலனுக்கும் இன்னும் சில பொதுக் காரியங்களுக்கும்தான் செலவிடலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. கனெக்டிகட்டில் இன்று ஃபாக்ஸ்வுட்ஸ் என்று பிரம்மாண்டமாக நிற்கும் கேசினோ, 1986-ல் ஒரு பிங்கோ ஹாலாகத் தொடங்கியதுதான்.

நம் 1930-ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டமும் சூதாட்ட விடுதி எது என்று சொல்லும்போது, இடத்தை நடத்துகிறவருக்கு அதில் லாபம் போகிறதா என்று பார்க்கிறது. சட்டம் எழுதியவர் கோயம்புத்தூர்க்காரர் இல்லை, ஆனாலும் கேள்வி நம்முடையது.

ஆக, என் முடிவு இது. சூதாட்டத்தில் ஜெயிப்போமா என்பது கேள்வியே அல்ல, பெரும்பாலோர் தோற்கத்தான் போகிறோம். போன காசு எங்கே போச்சு என்று தெரிந்தால் அது செலவு. தெரியவில்லை என்றால் அது நஷ்டம். சினிமாவுக்குக் கொடுப்பது செலவு, கோயில் உண்டியலில் போடுவது செலவு, மகள் ஊரில் யாரோ ஒரு பாட்டியின் முதியோர் வீட்டுக்குப் போன 21 டாலரும் செலவு. மூன்று மணி நேரத்துக்கு மணிக்கு ஏழு டாலர். 'பேரனைப் பாத்துக்க ஆள் வெச்சா மணிக்கு அதைவிட ஜாஸ்திப்பா' என்று மகள் சொன்னாள். அந்த ஊரில் நாங்கள் பேரனை இலவசமாகப் பார்த்துக்கொள்வதன் மதிப்பு எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இந்த ஞானத்தோடு ஊருக்குத் திரும்பினால், அடுத்த பொங்கலுக்குச் செயலாளர் புதுத் திட்டத்தோடு நிற்கிறார். "நூறு ரூவா டிக்கெட்டுங்க. முதல் பரிசு வெட் கிரைண்டர், ஸ்பான்சர் புடிச்சாச்சு." கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. அந்த ஊரில் கிரைண்டரைப் பரிசாக வைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். எங்கள் பிளாக்கில் கிரைண்டர் இல்லாத வீடு கிடையாது, கிரைண்டர் செய்கிறவர்களே இரண்டு வீடு. ஆனால் வீட்டம்மா அதற்குள் முழு ஷீட் வாங்கி வந்துவிட்டாள். "நம்முளுது பழசு, சத்தம் போடுதுங்க."

பொதுக்குழுவில் எழுந்து கேட்டேன்: "எத்தனை டிக்கெட் விக்கப் போறீங்க?"

"எத்தனை விக்குதோ அத்தனைங்க."

இதைத்தான் எதிர்பார்த்தேன். விளக்கமாகவே பேசினேன். டிக்கெட்டுக்கு வரிசை எண் போட வேண்டும், முதல் எண்ணைக் கூப்பிடுவதற்கு முன்னால் எத்தனை விற்றது, எத்தனை வசூல், பரிசுக்கு எத்தனை, மிச்சம் எதற்கு என்று நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும், ஸ்பான்சர் கொடுத்த கிரைண்டரைக் கடை விலைக்கு எழுத வேண்டும். கூட்டம் கவனமாகக் கேட்டது. மதுரைக்கார மேனேஜர் கைதட்டினார். செயலாளர் முகத்தில் மட்டும் ஒரு நிம்மதி தெரிந்தது, அது எதற்கென்று அடுத்த நிமிஷம் புரிந்தது.

"அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு நியாயமுங்க. இத்தனை நுணுக்கமாப் பாக்க எங்களுக்கு ஆள் இல்ல. அதனால இந்த வருசம் பொருளாளர் அண்ணன்தான். என்னங்க, எல்லாருக்கும் சம்மதந்தானுங்களே?"

எல்லோருக்கும் சம்மதம். தீர்மானம் நிறைவேறியது. அதோடு பழைய விதி ஒன்றையும் செயலாளர் ஞாபகப்படுத்தினார்: ஆட்டம் நடத்துகிற கமிட்டிக்காரர்களும் அவர்கள் குடும்பத்தாரும் டிக்கெட் வாங்கக் கூடாது. வீட்டம்மா ஆறு டிக்கெட்டையும் எழுந்து வந்து மேஜையில் வைத்தாள். 600 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கியது புதுப் பொருளாளரான நான்தான்.

இப்போது எங்கள் தம்போலாவைப் போலச் சுத்தமான ஆட்டம் வேறெங்கும் கிடையாது. விற்ற டிக்கெட், வசூல், பரிசு, மிச்சம், எல்லாம் பைசா சுத்தமாகப் போர்டில் இருக்கிறது. நிமிர்ந்து படித்தவர் எவருமில்லை. நீங்களும் ஆடப்போகும் இடத்தில் தாராளமாகக் கணக்குக் கேளுங்கள். வீட்டில் டிக்கெட் வாங்கி வருவதற்கு முன்னால் மட்டும் கேட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் போடுகிற பழைய கிரைண்டரில் மாவாட்டும் பொறுப்பு இப்போது பொருளாளருடையது. எத்தனை வாரத்துக்கு என்று நான் கேட்கவில்லை.